கடைவாய்ப் பல் வரைக்கும்

பல்லக்கா என்பது அவளுக்குத் தம்பி வைத்த பெயர். வேறென்ன வைப்பான்? பல் மருத்துவமனையில் அவளுக்கு வேலை, அதிலும் பல்லைப் படம் எடுக்கிற வேலை. வருகிறவரின் உதட்டை இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கொக்கியால் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, உள்ளே சின்னக் கண்ணாடி ஒன்றை நுழைத்து, லென்ஸைச் சுற்றி வளையம் போல மாட்டிய ஃப்ளாஷைப் பளிச்சென்று அடிப்பாள். முன்பல்லிலிருந்து கடைவாய்ப் பல் வரைக்கும் ஒன்று பாக்கியில்லாமல் துல்லியமாக விழும். சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. வீட்டில்தான் மரியாதை கிடையாது. ஊரார் வாயையெல்லாம் படம் பிடிக்கிறவள் தன் வாயை மட்டும் மூடுவதில்லை என்பான் தம்பி. அவளும் பதிலுக்கு நாலு கொடுப்பாள்.

கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை, அப்படி ஒரு பேச்சு வாங்கியிருப்பார்கள். பெரியக்காவின் கணவர் காலமான பிறகு அவளுக்குத் துணையாக வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். அண்ணன் வெளிநாட்டில், தம்பி வேறு ஊரில். பெரியக்காவும் பல்லக்காவும் மட்டும் ஒரு வீட்டில்.

பெரியக்கா அச்சகத்தில் பிழை திருத்துகிறவளாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு கால்புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணுக்கா இந்தக் கதி என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. கதவு தெரியும், கதவின் இரண்டு ஓரமும் தெரியும், கதவில் வந்து நிற்கிறவர் முகம் மட்டும் தெரியாது. மை காய்வதற்குள் யாரோ கையால் தேய்த்துவிட்ட மாதிரி இருக்கிறது என்பாள்.

ஆனால் அவள் சும்மா இருக்கிறவளா? டேப்லெட் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வருகிற படங்களை இரண்டு விரலால் இழுத்து இழுத்து, ஒரே முகம் திரை முழுக்க நிரம்பும் வரை பெரிதாக்குவாள். பிறகு தலையைச் சாய்த்துக் கடைக்கண்ணால் மூக்கு, புருவம், உதடு என்று துண்டு துண்டாகப் பார்த்து ஒரு முகத்தைக் கூட்டிச் சேர்ப்பாள். அண்ணன் மகள் காதில் இரண்டாவது துளை போட்டுக்கொண்டதை வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். ஆனால் போன மாதம் கண் டாக்டர் பல்லக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வழியும் அதிக நாள் ஓடாது, அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றுவிட்டார். பெரியக்காவுக்கும் அது தெரியும். மற்றவர்களிடம் சொல்லக் கூடாது என்று பல்லக்காவிடம் சத்தியம் வாங்காத குறைதான்.

பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"எல்லாரும் ஒரே படத்துல வேணும். ஒவ்வொரு மூஞ்சியையும் எவ்வளவு இழுத்தாலும் உடையக் கூடாது. உன்னால முடியுமா?"

"கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும், பாரேன்" என்றாள் பல்லக்கா.

வாயைக் கொடுத்தாகிவிட்டது. போனில் எடுக்கிற கும்பல் படம் இதற்கு உதவாது. பார்க்க அழகாக இருக்கும், இழுத்தால் முகமெல்லாம் பிசைந்த மாவாகிவிடும். நல்ல கேமரா வேண்டும், எல்லாரும் வேண்டும். பல்லக்கா ஒற்றைக் காலில் நின்று, போனில் ஒவ்வொருவரையும் அரித்தெடுத்து, அண்ணன் விடுமுறையில் வந்து திரும்புகிற ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லாரையும் வரவழைத்தாள். அண்ணனுக்கு அன்று மாலையே விமானம். அதை விட்டால் அவன் எப்போது வருவானோ தெரியாது.

அன்று காலை வீடு சந்தைக்கடையாக இருந்தது. அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், தம்பியின் ஒரு நிமிஷம் சும்மா நிற்காத இரட்டைக் குட்டிகள், சித்தப்பா, சித்தி. தம்பி புதுக் கேமராவோடு வந்திருந்தான். விலையைக் கேட்டுச் சித்தப்பா இரண்டு முறை மூச்சு விட்டார். முதல் படம் தம்பிதான் எடுத்தான், கேமரா அவனுடையதாயிற்றே.

கூடத்தில் மூன்று வரிசை. முன்னால் பெரியக்கா நாற்காலியில், குழந்தைகள் தரையில். நடுவில் பெண்கள். பின்னால் பெஞ்சு மேல் ஏறி நின்று அண்ணனும் சித்தப்பாவும் அண்ணன் மகனும். பல்லக்கா தம்பிக்குப் பக்கத்தில் நின்று, யார் எங்கே என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு முகம் மட்டும் பளிச்சென்று இருந்து பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெயாக உருகி நிற்கிற படங்கள் என்றால் உயிர். லென்ஸின் வாயை எவ்வளவு அகலமாகத் திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து வைத்து, எஃப் ஒன்று புள்ளி எட்டில், எடுத்துத் தள்ளினான்.

கேமராவின் மெமரி அட்டையைக் கழற்றி டேப்லெட்டில் செருகினார்கள். பெரியக்கா இழுத்துப் பார்த்தாள். குட்டிகளின் இமை முடிகூட எண்ணலாம் போல இருந்தது. நடு வரிசைக்குப் போனாள், கொஞ்சம் மங்கல். பின் வரிசைக்குப் போனாள்.

"பெஞ்சு மேல மூணு பஞ்சு மூட்டை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். பல்லக்கா சிரிக்கவில்லை. காரணம் அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. லென்ஸ் வாயைப் பிளந்து வைத்தால் ஒரு சாண் ஆழம்தான் துல்லியமாக விழும். முன் வரிசை தப்பிக்கும், மற்றதெல்லாம் கரைந்து போகும். அவள் தினம் செய்கிற வேலையே இதற்கு நேர்மாறு. முன்பல்லும் கடைவாயும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்றால் வாயை இறுக்கி மூட வேண்டும், எஃப் இருபத்திரண்டு. இத்தனை வருஷமாக அவள் அந்த எண்ணை மாற்றியதே இல்லை.

"கொண்டா இங்க" என்று கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஸ்டாண்டில் மாட்டினாள். எஃப் இருபத்திரண்டுக்குத் திருகினாள். மற்றதைக் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். எல்லாரையும் நிற்க வைத்து, சித்தப்பாவின் சட்டைக் காலரைச் சரி செய்து, பட்டனை அமுக்கினாள். கேமரா "க்ளிக்" என்றது. கொஞ்சம் பொறுத்துச் சோம்பேறித்தனமாக இன்னொரு சத்தம் வந்தது. குட்டிகள் போட்ட கூச்சலில் அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேமராவின் சின்னத் திரையில் பார்த்தாள், முன் வரிசையும் பின் வரிசையும் ஒரே மாதிரி இருந்தன. முடிந்தது, போய்ச் சாப்பிடுங்கள் என்று உத்தரவு கொடுத்துவிட்டாள்.

சாப்பாட்டில் அவளுக்கு ஏகப்பட்ட பாராட்டு. ஒரு பக்கமாகவே மென்று விழுங்கிக்கொண்டு, அதையெல்லாம் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே அவள் அப்படித்தான் மெல்லுகிறாள், யாரும் கவனித்ததில்லை.

சாப்பாடு முடிந்து, அண்ணன் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பெரியக்கா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு இழுத்தாள். ஒரு முகத்தை இழுத்தாள், இன்னொரு முகத்தை இழுத்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் டேப்லெட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

கேலி பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. பல்லக்கா ஓடி வந்து பார்த்தாள். பின் வரிசை மங்கல், நடு வரிசை மங்கல், முன் வரிசையும் மங்கல். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாருமே லேசாகக் கலங்கிப்போயிருந்தார்கள். குட்டி ஒருத்திக்கு இரண்டு மூக்கு. சித்தப்பா நின்றபடியே தூங்கி விழுந்ததால் அவர் தலை இருந்த இடத்தில் ஒரு கோடு. பல்லக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அழத்தான் போனாள், ஆனால் அழுதால் யோசிக்க முடியாது என்று தோன்றியதால் குழாயை மூடிவிட்டாள். அப்போதுதான் அந்தச் சோம்பேறிச் சத்தம் நினைவுக்கு வந்தது. வாயை இறுக்கி மூடினால் வெளிச்சம் உள்ளே வராது. வெளிச்சம் போதவில்லை என்றால் கேமரா என்ன செய்யும்? ஷட்டரைத் திறந்தபடி காத்துக்கொண்டிருக்கும். அந்தக் கால் நொடியில் குட்டிகள் தலையை ஆட்டிவிடுவார்கள், பெரியவர்கள் மூச்சு விட்டுவிடுவார்கள். மருத்துவமனையில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே ஒரு சாண் தூரத்தில் ஃப்ளாஷ் அடித்து வெளிச்சத்தைக் கொட்டிவிடுகிறது. ஷட்டர் எவ்வளவு வேகம் என்று அவள் ஒரு நாளாவது பார்த்திருப்பாளா? பார்த்ததில்லை. பல்லும் ஓடிப் போகாது. தம்பி வாயைப் பிளந்து கெடுத்தான், நான் இறுக்கிக் கெடுத்தேன், இரண்டு பேரும் ஒரே லட்சணம்தான் என்று தன் தலையில் ஒன்று போட்டுக்கொண்டாள்.

அப்படியானால் நடுவில் ஓர் எண். எஃப் எட்டு. மூன்று வரிசைக்கு அந்த ஆழம் போதும், வரிசைகள் நெருங்கி நின்றால். ஷட்டர் இருநூறில் ஒரு பங்கு நொடி, குட்டிகள் ஆடினாலும் தப்பலாம். அதற்கு இந்தக் கூடத்து வெளிச்சம் காணாது, கேமராவின் ஒளி உணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏகத்துக்கும் ஏற்றினால் முகமெல்லாம் மணல் தூவியது போல ஆகும். வெளியே போக வேண்டும். வெயிலில் நிறுத்தினால் கண்ணைச் சுருக்குவார்கள். எதிர்க் கட்டடத்தின் நிழல் இந்நேரம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். அங்கே ஐஎஸ்ஓ நானூறு போதும்.

வெளியே ஓடிப் பார்த்தாள். நிழல் வந்திருந்தது. அந்த நிழலுக்கு நட்டநடுவில் அண்ணன் சொல்லி வைத்திருந்த டாக்சியும் வந்து நின்றிருந்தது.

அண்ணன் ஷூ போட்டுக்கொண்டு பெட்டியோடு வாசலுக்கு வந்தான். பல்லக்கா குறுக்கே நின்றாள். இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றாள். அவனுக்கு எரிச்சல் வந்தது, நியாயம்தான். காலையிலிருந்து நிற்கவும் உட்காரவும் சொல்லி ஆட்டி வைத்தாகிவிட்டது, இனி போகிற வழியில் நெரிசல் வேறு. ஏர்போர்ட்டில் தனக்காக யாரும் விமானத்தைப் பிடித்து வைக்க மாட்டார்கள் என்றான். போனிலேயே ஒன்று எடுத்து அனுப்பு, போதும் என்றான். அண்ணி அவன் கையைத் தொட்டாள், அவன் கேட்கவில்லை.

பல்லக்கா குரலைத் தாழ்த்தினாள். உள்ளே இருக்கிற பெரியக்காவுக்குக் கேட்கக் கூடாது.

"அண்ணா, டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த தடவை நீ வரும்போது அக்காவுக்கு உன் குரல்தான் மிச்சம் இருக்கும். உன் மூஞ்சிய அவ பார்க்கணும்னா அது இன்னைக்குத்தான். எனக்குக் கொஞ்ச நேரம் கொடு."

அண்ணன் அவளையே பார்த்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, டிரைவரிடம் போய் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னான்.

அதன் பிறகு பல்லக்காவைப் பிடிக்க ஆளில்லை. நாற்காலியும் பெஞ்சும் தெருவுக்கு வந்தன. வரிசைகளை ஒன்றோடொன்று ஒட்டினாள். பின்னால் நிற்கிறவர் முழங்கால் முன்னால் நிற்கிறவர் முதுகில் இடிக்க வேண்டும், வெட்கப்படுகிறவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றாள். ஓரத்தில் நிற்கிறவர்களை அரை அடி முன்னால் வரவழைத்தாள். கேமராவிலிருந்து எல்லாரும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டாமா? தாடையைத் திருப்பி வைத்தது போல ஒரு வளைவு வந்தது. முன் வரிசையைக் குறி வைக்காமல், பின் வரிசையையும் குறி வைக்காமல், நடு வரிசையில் அண்ணியின் கண்ணைக் குறி வைத்தாள். யாராவது ஒருத்தர் கண்ணை மூடாமல் இருக்க மாட்டார் என்று தெரிந்தவளாகையால் பத்துப் பதினைந்து படம் தொடர்ந்து எடுத்தாள்.

இந்த முறை ஏமாறவில்லை. கேமராவின் திரையிலேயே பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரையும் நகர விடவில்லை. தம்பி, சிலையாகிவிட்டேன், தூசி தட்ட ஆள் வை என்றான். அவள் நிமிரவே இல்லை. கடைசி வரிசையில் கடைசி முகம் வரை பார்த்த பிறகுதான் அட்டையைக் கழற்றினாள்.

பெரியக்கா தெருவிலேயே நாற்காலியில் உட்கார்ந்து டேப்லெட்டை வாங்கிக்கொண்டாள். அச்சுப் படியைப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள்: மேல் வரிசை, இடமிருந்து வலம், ஒவ்வொரு தலையாக. சித்தப்பா சவரம் செய்யும்போது தாடையில் கீறிக்கொண்டதைச் சொன்னாள். அண்ணனிடம் வந்ததும் விரல் நின்றது. தலையைச் சாய்த்து, நேராக்கி, மறுபடி சாய்த்து வெகு நேரம் பார்த்தாள். "அப்பா மாதிரியே ஆயிட்டடா" என்றாள். அண்ணன் எதிர்ப்பக்கம் திரும்பி டாக்சியைப் பார்த்தான். நடு வரிசையில் அண்ணியின் புதுத் தோடு, தம்பி மனைவியின் மூக்குக் கண்ணாடியில் விரல் ரேகை. கீழே குட்டிகள். ஒரு முகம்கூட உடையவில்லை.

பல்லக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் பெரியக்கா டேப்லெட்டைக் கொடுக்கவில்லை. மறுபடி மேல் வரிசைக்குப் போனாள். ஓரத்துக்குப் போனாள், அந்த ஓரத்துக்குப் போனாள்.

"என்னக்கா, எங்க உடையுது?"

"எதுவும் உடையல. ஒண்ணு விட்டுப்போச்சு."

"யாரு?"

"நீ."

பல்லக்கா சிரித்துவிட்டாள். எடுக்கிறவள் எப்படிப் படத்தில் இருப்பாள், தவிர நான்தான் உன்கூடவே இருக்கிறேனே என்றாள்.

"கூடவே இருக்க. அதான் உன் படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல" என்றாள் பெரியக்கா. "தூரத்துல இருக்கறவங்கல்லாம் படம் அனுப்பறாங்க, பார்த்துக்கறேன். நீ தினம் தட்டை நீட்டிக்கிட்டு என் எதிர்லயே நிக்கற. உன் கை தெரியுது, கொலுசு தெரியுது, மூஞ்சி மட்டும் தெரியல. எல்லாரும் வேணும்னு உங்கிட்ட எதுக்கு சொன்னேன்னு நெனச்ச? இவங்களுக்காக மட்டுமா?"

தம்பிக்கு வாயில் கேலி இருந்தது, விழுங்கிவிட்டான். பல்லக்கா ஸ்டாண்டில் நின்ற கேமராவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் எத்தனை படம் எடுத்திருப்பாள், ஒன்றிலாவது தான் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. வேறு யாருக்கும்கூடத் தோன்றவில்லை என்பதுதான் இன்னும் கொடுமை.

அண்ணன்தான் முதலில் அசைந்தான். போய்ப் பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டு, "எல்லாரும் அவங்கவங்க இடத்துக்கு வாங்க" என்றான்.

அதுவரை கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்த டாக்சி டிரைவர், யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றார். பல்லக்கா அவரிடம் கேமராவைச் சும்மா கொடுத்துவிடுவாளா? அட்டையைத் திரும்ப மாட்டி, அண்ணியின் கண்ணை மறுபடி குறி வைத்து, அந்தக் குறி நகராமல் பூட்டினாள். எஃப் எட்டு, இருநூறு, நானூறு, எல்லாம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தாள்.

"இந்தப் பட்டனை மட்டும் அமுக்குங்க. அமுக்கிக்கிட்டே இருங்க. வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தாள்.

பெரியக்கா தன் நாற்காலியை ஒட்டி இடம் விட்டு வைத்திருந்தாள். பல்லக்கா அங்கே மண்டி போட்டு உட்கார்ந்தாள். பெரியக்காவின் கை அவள் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டது. டிரைவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்து, பெஞ்சைக் காட்டி, "பெரியவரே, தூங்கறவங்களுக்கு வெயிட்டிங் சார்ஜ் உண்டு" என்றார். சித்தப்பா திடுக்கிட்டு விழித்தார். தெருவே சிரித்தது. பல்லக்கா வாயைப் பிளந்து சிரித்தாள், கேமரா படபடவென்று அடித்துத் தீர்த்தது.

டாக்சி போனது. தம்பியும் சித்தப்பாவும் சாயங்காலம் கிளம்பினார்கள். தம்பி அட்டையை மட்டும் கழற்றி, பெரியக்கா கையில் வைத்துவிட்டுப் போனான். பல்லக்கா பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு வந்தபோது, பெரியக்கா ஜன்னலோரம் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தாள். இந்த முறை மேல் வரிசையிலிருந்து ஆரம்பிக்கவில்லை. நேராகத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த முகத்துக்குப் போய், அது திரை முழுக்க வரும் வரை இழுத்தாள்.

பல்லக்கா எதிரில் நின்றாள். எத்தனையோ பேரைக் கண்ணாடியும் கொக்கியும் வைத்துப் பார்த்தவளுக்கு, தன்னை ஒருத்தர் இப்படிப் பார்ப்பது கூச்சமாக இருந்தது.

"நரைச்சிருக்கு உனக்கு" என்றாள் பெரியக்கா.

"ரொம்ப நாளாச்சுக்கா."

"சொல்லவே இல்லையே."

பெரியக்கா விரலை நகர்த்தினாள். நெற்றி, புருவம், கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம், மூக்கு. சிரித்த வாய்க்கு வந்து நின்றாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். தலையை அந்தப் பக்கம் சாய்த்தாள், இந்தப் பக்கம் சாய்த்தாள்.

"சொன்ன மாதிரியே எடுத்துட்ட. கடைவாய் வரைக்கும் தெரியுது" என்றாள். "கோரைப் பல்லுக்கு அடுத்த பல்லு கறுத்துப்போயிருக்கு. வலிக்குதா?"

பல்லக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குப் பின்னால் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஒரு பக்கமாத்தான் மெல்லறேன்" என்றாள்.

"நாளைக்கு உங்க டாக்டர்கிட்ட முதல் ஆளா நீ போய் உட்காரு" என்று சொல்லிவிட்டு, பெரியக்கா மறுபடி அந்தப் படத்தின் மேல் குனிந்தாள்.